தோள்பட்டை எம்.ஆர்.ஐ.: கிழிசலோடு நின்றுவிடாதீர்கள்

நான் ரிப்போர்ட் எழுதத் தொடங்கிய மூன்றாவது வருடம். அறுவை அரங்கிலிருந்து எலும்பு மருத்துவர் ஒருவர் போன் செய்தார். "முழுக் கிழிசல்னு மட்டும் எழுதியிருக்கீங்க மேடம். உள்ளே போய்ப் பார்த்தா நாண் ரொம்பச் சுருங்கி உள்ளே கிடக்கு. இழுத்தா எலும்பு வரைக்கும் வரல. தசை பூராவும் கொழுப்பு. படத்துல இது தெரியலையா?"

படத்தைத் திரும்பத் திறந்தேன். எல்லாம் தெரிந்தது. தசையை எலும்போடு கட்டும் கயிறான நாண், எலும்பில் ஒட்டும் இடத்தில் வெள்ளையாக ஓர் இடைவெளியைப் பார்த்ததும், விடை கிடைத்துவிட்டது என்று நின்றிருக்கிறேன். இன்னும் நாலைந்து ஸ்லைஸ், அதாவது படத் துண்டு, உள்ளே போயிருந்தால் போதும். நோயாளி சுவருக்குப் பெயின்ட் அடிப்பவர், வயது 58. கை பழையபடி தலைக்கு மேல் போகும் என்று நம்பி அறுவைக்குப் படுத்தவர். நான் எழுதாமல் விட்ட ஒரு வரி ரிப்போர்ட்டில் இருந்திருந்தால், அவரிடம் முன்கூட்டியே வேறு மாதிரிப் பேசியிருப்பார்கள்.

அதற்குப் பிறகு நான் படம் பார்க்கும் வரிசையையே மாற்றிக்கொண்டேன். ரேடியாலஜி படிக்கிற பிள்ளைகளுக்கும், தோள் நோயாளிகளைப் பார்க்கிற பிசியோதெரபிஸ்ட்டுகளுக்கும் அந்த வரிசையை இங்கே எழுதி வைக்கிறேன். "ஜவ்வு கிழிஞ்சிருக்கா?" என்றுதான் நோயாளி கேட்பார். அறுவை மருத்துவருக்குத் தெரிய வேண்டியது வேறு: தைக்க முடியுமா, தைத்தால் நிற்குமா?

படத்துக்கு முன்னால்

ரொட்டேட்டர் கஃப் என்பது நான்கு தசைகளின் நாண்கள் சேர்ந்து மேற்கை எலும்பின் உருண்டைத் தலையைப் போர்த்தியிருக்கும் உறை. மேலே சுப்ராஸ்பைனேட்டஸ், பின்னால் இன்ஃப்ராஸ்பைனேட்டஸும் டெரிஸ் மைனரும், முன்னால் சப்ஸ்கேபுலாரிஸ். முதல் மூன்றும் எலும்பின் பெரிய மேட்டில் ஒட்டுகின்றன, கடைசியது சின்ன மேட்டில். டி1, டி2, பி.டி. என்று எம்.ஆர்.ஐ.யில் வெவ்வேறு விதமாக எடுக்கும் எல்லா வரிசைப் படங்களிலும் நல்ல நாண் பொதுவாகக் கறுப்பாகத்தான் தெரியும்.

நோயாளியிடம் நான் கேட்பது நாலே கேள்வி. எப்போதிலிருந்து வலி, விழுந்து அடிபட்டதா, தோளில் ஊசி போட்டார்களா, முன்பு அறுவை நடந்ததா. ஊசிக் கேள்வியை யாரும் விட்டுவிடாதீர்கள். சில நாட்களுக்கு முன் தோளுக்கு மேல் ஊசி போட்டிருந்தால் நாணுக்கு மேலே உள்ள மெல்லிய பையான பர்சாவில் நீர் நிற்கும். அது தெரியாவிட்டால் நீரை வீக்கம் என்று எழுதிவிடுவோம். பேஸ்மேக்கர், மூளையில் கிளிப், கண்ணில் இரும்புத் துகள் பற்றிய பாதுகாப்புக் கேள்விகள் எல்லா எம்.ஆர்.ஐ.க்கும் பொது. அவற்றை டெக்னாலஜிஸ்ட் கேட்டு முடித்திருப்பார்.

அப்புறம் எக்ஸ்ரே. எம்.ஆர்.ஐ. கையில் இருக்கும்போது எக்ஸ்ரே எதற்கு என்று நினைக்க வேண்டாம். நாணில் படியும் சுண்ணாம்பு எம்.ஆர்.ஐ.யில் கறுப்பு. நல்ல நாணும் கறுப்பு. கறுப்புக்குள் கறுப்பு எளிதில் தெரியாது. எக்ஸ்ரேயில் அதே சுண்ணாம்பு பளிச்சென்று வெள்ளையாக நிற்கும்.

கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

மங்கலான படத்தை எவ்வளவு கெட்டிக்காரராலும் படிக்க முடியாது. தோளில் படம் கெடுவதற்குப் பெரும்பாலும் இயந்திரம் காரணமாக இருப்பதில்லை, கை வைத்த விதம்தான் காரணம்.

ஒரு நாள் திரையில் வந்த முதல் வரிசை முழுக்க அலையலையாக இருந்தது. எழுந்து கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அந்த அம்மா உள்ளங்கையை வயிற்றின் மேல் வைத்திருந்தார். மூச்சு விடும்போதெல்லாம் கை ஏறி இறங்கியது, கையோடு தோளும். உள்ளே போய்க் கேட்டேன். "இப்படி வெச்சாத்தான் மேடம் வலி தெரியல" என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். கையைத் தொங்கலாக விட்டால் தோள் இழுபடும். முழங்கைக்கு அடியில் மடித்த துணியை அண்டக் கொடுத்தோம். கை உடம்பை ஒட்டி, கட்டைவிரல் மேலே பார்க்கும்படி வைத்து, மணிக்கட்டின் மேல் சின்ன மணல்மூட்டை ஒன்று. "வலி வந்தா பெல்லை அழுத்துங்கம்மா, நிறுத்திட்டு மறுபடி எடுக்கலாம்" என்று சொன்னதும் முகம் தெளிந்தது. அடுத்த வரிசை கண்ணாடி மாதிரி வந்தது.

உள்ளங்கை வயிற்றில் இருப்பதில் இன்னொரு கெடுதலும் உண்டு. தோள் உள்பக்கம் திரும்பிவிடும். அப்போது சுப்ராஸ்பைனேட்டஸும் இன்ஃப்ராஸ்பைனேட்டஸும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, எது எங்கே முடிகிறது என்றே தெரியாது. கட்டைவிரல் மேலே பார்த்தாலோ கை லேசாக வெளியே திரும்பியிருந்தாலோ நல்லது. முழுக்க வெளியே திருப்பச் சொன்னால் இருபது, முப்பது நிமிடம் யாராலும் தாங்க முடியாது.

தோளுக்கென்றே உள்ள காயிலை, அதாவது சிக்னலை வாங்கும் சுருளை, போடுங்கள். காந்தத்தின் பலம் 1.5 டெஸ்லாவே போதும், 3 டெஸ்லா இருந்தால் இன்னும் தெளிவு. ஸ்லைஸ் 3 முதல் 4 மில்லிமீட்டர், படப்பரப்பு 14 முதல் 16 சென்டிமீட்டர்.

தளங்கள் மூன்று. ஆக்ஸியல், உடம்பைக் குறுக்கே வெட்டினாற்போல், நேராக. கரோனல், முன்னாலிருந்து பார்ப்பது போல, சுப்ராஸ்பைனேட்டஸ் நாண் போகும் சாய்வுக்கு இணையாக. சாஜிட்டல், பக்கவாட்டிலிருந்து பார்ப்பது போல, அதற்குக் குறுக்காக. இந்த சாஜிட்டலில் ஒரு விஷயத்தை எங்கள் டெக்னாலஜிஸ்டுகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்: மூட்டோடு நிறுத்தாதீர்கள், உள்பக்கம் போய்க்கொண்டே இருங்கள், தோள்பட்டை எலும்பு ஒய் எழுத்து மாதிரி தெரியும் வரைக்கும். நேரம் மிச்சம் பிடிக்க மூட்டுக் குழியோடு நிறுத்திவிட்டால், நமக்கு மிகவும் தேவையான ஸ்லைஸ் படத்திலேயே இருக்காது.

முதலில் ஒய்

படத்தைத் திறந்ததும் பலர் கரோனலுக்குப் போவார்கள். நான் சாஜிட்டல் டி1 வரிசைக்குப் போவேன். வெளியிலிருந்து உள்ளே ஒவ்வொரு ஸ்லைஸாக நகர்த்தினால், ஓரிடத்தில் தோள்பட்டை எலும்பின் முதுகுத்தண்டு போன்ற மேடு எலும்பின் உடலோடு வந்து சேரும். முன்னால் கோரகாய்டு என்ற கொக்கி போன்ற எலும்பு முனை, பின்னால் அந்த மேடு, கீழே எலும்பின் உடல்: ஒய். அதன் இரண்டு கைகளுக்கு நடுவே உள்ள கிண்ணத்தில் சுப்ராஸ்பைனேட்டஸ் உட்கார்ந்திருக்கும். பின்பக்கம் இன்ஃப்ராஸ்பைனேட்டஸ், அதற்குக் கீழே டெரிஸ் மைனர், முன்பக்கம் சப்ஸ்கேபுலாரிஸ். நான்கு தசையும் ஒரே படத்தில்.

இங்கே இரண்டைப் பார்க்க வேண்டும். முதலாவது தசையின் பருமன். கோரகாய்டின் மேல் விளிம்பிலிருந்து பின் மேட்டின் மேல் விளிம்புக்கு ஒரு கோடு போடுங்கள். நல்ல தசை அந்தக் கோட்டுக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும். கோட்டுக்குக் கீழே தாழ்ந்திருந்தால் தசை மெலிந்துவிட்டது. ஸனெட்டியும் கூட்டாளிகளும் 1998இல் எழுதியது இது. தொடுகோட்டு அடையாளம் என்று நான் சொல்வேன். ஒரு நிமிடம்கூட ஆகாது.

இரண்டாவது கொழுப்பு. டி1 படத்தில் தசை சாம்பல் நிறம், கொழுப்பு வெள்ளை. கூட்டாலியே 1994இல் சி.டி. படங்களுக்கு வகுத்த படிகளைத்தான் இன்றும் சொல்கிறோம். எம்.ஆர்.ஐ.க்கு அவற்றை ஃபுக்ஸ் குழுவினர் 1999இல் பொருத்திப் பார்த்தார்கள். கொழுப்பே இல்லையென்றால் 0. ஒன்றிரண்டு வெள்ளைக் கீற்று 1. கொழுப்பு இருந்தும் தசையே அதிகம் என்றால் 2. இரண்டும் சரிபாதி 3. கொழுப்பு மிஞ்சிவிட்டால் 4. ஒவ்வொரு தசைக்கும் தனித்தனியாக எழுதுங்கள். சுப்ராஸ்பைனேட்டஸுக்கு மட்டும் எழுதிவிட்டு இன்ஃப்ராஸ்பைனேட்டஸை விட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

இது ஏன் அவ்வளவு முக்கியம்? நாணைத் தைத்த பிறகும் தசைக்குள் புகுந்த கொழுப்பு பெரும்பாலும் திரும்பிப் போவதில்லை. 3, 4 என்ற படிகளில் தைத்தது மறுபடி கிழியும் அபாயம் அதிகம், கையின் பலமும் எதிர்பார்த்த அளவு திரும்பாது. அந்தப் பெயின்டரின் படத்தில் சுப்ராஸ்பைனேட்டஸ் 4, இன்ஃப்ராஸ்பைனேட்டஸ் 3. கிண்ணத்துக்குள் சாம்பல் நிறத்தையே தேட வேண்டியிருந்தது. அந்தப் படம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

ஒரு எச்சரிக்கை. நாண் அறுந்து உள்ளே சுருங்கும்போது தசையின் பருத்த பகுதியும் கூடவே உள்ளே போய்விடும். அப்போது ஒய் ஸ்லைஸில் தசை இருப்பதைவிட மெலிந்து தெரியும். ஆகவே பெரிய கிழிசல் என்றால் இன்னும் இரண்டு ஸ்லைஸ் உள்ளேயும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பிறகுதான் கிழிசல்

இப்போது கரோனல். கொழுப்பின் வெளிச்சத்தை அடக்கிய டி2 அல்லது பி.டி. வரிசை. இதில் நீர் வெள்ளை, நாண் கறுப்பு. முன் ஸ்லைஸிலிருந்து பின்னால் நகருங்கள். பைசெப்ஸ் நாண் தன் பள்ளத்தில் இறங்குவது தெரியும் ஸ்லைஸில்தான் சுப்ராஸ்பைனேட்டஸின் முன் விளிம்பு. அங்கே வேகமாகத் தாண்டிப் போய்விடாதீர்கள். சின்னக் கிழிசல்கள் அந்த ஓரத்தில் ஒளிந்திருக்கும். வயதாகித் தேய்ந்து வரும் கிழிசலோ பெரும்பாலும் பைசெப்ஸுக்கு ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் பின்னால், சுப்ராஸ்பைனேட்டஸும் இன்ஃப்ராஸ்பைனேட்டஸும் சேரும் இடத்தில் தொடங்கும்.

நாணுக்குள் வெளிச்சம் தெரிந்தால் உடனே கிழிசல் என்று எழுதாதீர்கள். முதலில் ஏமாற்று வெளிச்சமா என்று பாருங்கள். நாணின் இழைகள் காந்தப்புலத்துக்கு 55 டிகிரி சாய்வில் போகும் இடத்தில், டி.ஈ. (எதிரொலி நேரம்) குறைவான டி1, பி.டி. படங்களில் நல்ல நாணே வெளுப்பாகத் தெரியும். சுப்ராஸ்பைனேட்டஸ் எலும்புத் தலையின் மேல் வளைந்து இறங்கும்போது, ஒட்டும் இடத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் முன்னால் அந்தச் சாய்வு வரும். கிழிசல் வழக்கமாக வரும் இடமும் அதற்குப் பக்கத்தில்தான். டி.ஈ. அதிகமான டி2 படத்தில் அதே இடத்தைப் பாருங்கள். அங்கே கறுப்பாகிவிட்டால் அது அந்தச் சாய்வு காட்டும் ஏமாற்று வெளிச்சம் (மாயக் கோணம் என்பார்கள்), கிழிசல் இல்லை. அங்கேயும் வெளுத்திருந்து, ஆனால் பக்கத்திலிருக்கும் நீரைவிட மங்கலாக இருந்தால், நாண் தேய்ந்து தடித்திருக்கிறது என்று பொருள். நீரளவுக்கே பளிச்சென்று இருந்தால்தான் கிழிசல். பழைய கிழிசலில் தழும்புத் திசு நிரம்பி அவ்வளவு பளிச்சென்று இல்லாமலும் போகலாம். அப்போது நாணின் வடிவம், அதன் மெலிவு, சுருக்கம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

பாதிக் கிழிசல் என்றால் எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள். மூட்டுப் பக்கக் கிழிசல்தான் அதிகம். பர்சா பக்கம் குறைவு. நாணின் உள்ளுக்குள்ளேயே பிளந்து இரண்டு பக்கமும் திறக்காத வகையும் உண்டு. அறுவை மருத்துவர் உள்ளே கேமரா விட்டாலும் அது கண்ணில் படாது, அதனால் நாம் சொன்னால்தான் உண்டு. ஆழத்துக்கு எல்மன் 1990இல் சொன்ன அளவு கைக்கு வசதி: 3 மில்லிமீட்டருக்குள் முதல் படி, 3 முதல் 6 வரை இரண்டாவது, 6க்கு மேல், அதாவது நாணின் பாதிக்கு மேல், மூன்றாவது. தசைக்குள் நீர்க்கட்டி ஒன்று நீளமாகத் தெரிந்தால், நாணில் எங்கோ ஒரு பிளவு இருக்கிறது என்று திரும்பத் தேடுங்கள். எனக்கு அப்படிக் கிடைத்தவை பல. மூட்டுப் பக்கச் சின்னக் கிழிசலா என்று தீராத சந்தேகம் இருந்தால், மூட்டுக்குள் மருந்து செலுத்தி எடுக்கும் எம்.ஆர். ஆர்த்ரோகிராம் உதவும்.

முழுக் கிழிசல் என்ற சொல்லில் ஒரு குழப்பம் இருக்கிறது. மூட்டுப் பக்கத்திலிருந்து பர்சா பக்கம் வரை ஊடுருவினால் அது முழு ஆழக் கிழிசல். ஓட்டை ஊசி முனையளவாக இருந்தாலும் அப்படித்தான். நாணின் அகலம் முழுவதும் அறுந்து போவது வேறு. ரிப்போர்ட்டில் "முழுக் கிழிசல்" என்று மட்டும் பார்த்த நோயாளி, கையே போய்விட்டது என்று அழுதுகொண்டு வருவார். நானே இரண்டு பேரைத் தேற்றியிருக்கிறேன். ஆகவே அளவை எழுதுங்கள். முன்பின் அகலம் சாஜிட்டலில், இழுபட்ட நீளம் கரோனலில். 1 சென்டிமீட்டருக்குள் சிறியது, 1 முதல் 3 நடுத்தரம், 3 முதல் 5 பெரியது, 5க்கு மேல் மிகப் பெரியது.

அறுந்த நுனி எங்கே நிற்கிறது? ஒட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயா, எலும்புத் தலையின் உச்சியிலா, மூட்டுக் குழியின் விளிம்பு வரை போய்விட்டதா? பாட் வகுத்த மூன்று நிலைகள் இவை. குழி வரை போயிருந்தால் இழுத்துத் தைப்பது கடினம்.

ஆக்ஸியலில் முன்பக்கம்

சப்ஸ்கேபுலாரிஸ்தான் அதிகம் தவறவிடப்படும் நாண். கரோனலில் அது சரியாகத் தெரியாது. ஆக்ஸியலில் மேலிருந்து கீழே வரும்போது முதல் சில ஸ்லைஸ்களிலேயே பாருங்கள், ஏனென்றால் கிழிசல் பெரும்பாலும் மேல் இழைகளில்தான் தொடங்கும். எளிய துப்பு ஒன்று: பைசெப்ஸ் நாண் தன் பள்ளத்தில் இருக்கிறதா? அது பள்ளத்தை விட்டு உள்பக்கம் சரிந்திருந்தால், சப்ஸ்கேபுலாரிஸ் கிழிந்திருக்க நிறைய வாய்ப்பு. அதன் பிறகு அதே இடத்தை சாஜிட்டலிலும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஆக்ஸியலின் உச்சி ஸ்லைஸ்களில், தோளின் கூரை போல இருக்கும் அக்ரோமியன் எலும்பு ஒட்டாமல் தனித் துண்டாக இருக்கிறதா என்றும் ஒரு பார்வை. அக்ரோமியனைச் சீவத் திட்டமிடும் மருத்துவருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

நாண் சரி, தசை மட்டும் சரியில்லை என்றால்

சில படங்களில் கிழிசலே இருக்காது, ஆனால் தசை வெளுத்தோ கொழுப்பேறியோ இருக்கும். அப்போது நரம்பை நினையுங்கள். இன்ஃப்ராஸ்பைனேட்டஸ் மட்டும் என்றால் மூட்டுக் குழிக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் நீர்க்கட்டி நரம்பை அழுத்துகிறதா என்று தேடுங்கள். சுப்ராஸ்பைனேட்டஸும் சேர்ந்திருந்தால் அழுத்தம் இன்னும் மேலே, மேல் பள்ளத்தில். டெரிஸ் மைனர் என்றால் அக்குள் நரம்பு. முதலில் ஒய்யைப் பார்க்கிறவர்களுக்கு இது தானாகவே கண்ணில் படும். கிழிசலை மட்டும் தேடுகிறவர்கள் "நார்மல்" என்று எழுதிவிடுவார்கள்.

கை எல்லாப் பக்கமும் இறுகிப்போன நோயாளி என்றால், அக்குள் பக்க மூட்டுறை தடித்திருக்கிறதா, கோரகாய்டுக்குக் கீழே இருக்க வேண்டிய சின்னக் கொழுப்பு முக்கோணம் மறைந்துவிட்டதா என்று பாருங்கள். தோள் இறுக்கத்தோடு வருகிறவருக்கு 2 மில்லிமீட்டர் கிழிசலைப் பெரிதாக எழுதி அறுவைப் பேச்சைக் கிளப்புவது அவருக்குச் செய்யும் தீங்கு.

படத்தில் தெரியும் கிழிசல்தான் வலிக்குக் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. ஷெர் குழுவினர் 1995இல், தோளில் வலியே இல்லாத 96 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 34 சதவீதம் பேருக்குக் கிழிசல் இருந்தது. 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 54 சதவீதம். ஆகவே பிசியோதெரபிஸ்ட் கையைத் தூக்கிப் பார்த்து எழுதிய குறிப்பைப் படிக்காமல் நான் ரிப்போர்ட்டை முடிப்பதில்லை.

ரிப்போர்ட்

அந்தப் பெயின்டருக்கு இன்று எழுதினால் இப்படி எழுதுவேன்: "சுப்ராஸ்பைனேட்டஸ் நாண் அகலம் முழுவதும் அறுந்துள்ளது, இன்ஃப்ராஸ்பைனேட்டஸின் முன்பகுதிக்கும் பரவியுள்ளது. முன்பின் அகலம் 42 மி.மீ. நுனி மூட்டுக் குழியின் விளிம்பு வரை சுருங்கியுள்ளது. தொடுகோட்டு அடையாளம் உள்ளது. கொழுப்பு: சுப்ராஸ்பைனேட்டஸ் 4, இன்ஃப்ராஸ்பைனேட்டஸ் 3, டெரிஸ் மைனர் 0, சப்ஸ்கேபுலாரிஸ் 1. எலும்புத் தலை மேலே ஏறியுள்ளது. பழைய கிழிசலாகவே தோன்றுகிறது." இதைப் படிக்கிற மருத்துவர் கத்தியை எடுக்கும் முன்பே அவரோடு உட்கார்ந்து பேச முடியும்.

கடைசி வரி, பழையதா புதியதா என்பது, கட்டாயம் இருக்க வேண்டும். விழுந்து சில நாளே ஆகி, எலும்பு மேட்டில் நீர்க்கோப்பு இருந்து, அறுந்த நுனி நெளிந்து கிடந்து, ஒய்யில் தசை நான்கும் கொழுகொழுவென்று சாம்பல் நிறத்தில் இருந்தால், அது புதிய கிழிசல். தைத்தால் பிடிக்க நல்ல வாய்ப்பு இருக்கிற தசை. வாரக்கணக்கில் தள்ளிப்போட்டால் அந்த வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். அப்படிப்பட்ட படம் வந்தால் ரிப்போர்ட் டைப் ஆகிப் போய்ச் சேரட்டும் என்று நான் காத்திருப்பதில்லை. அனுப்பிய மருத்துவருக்கு அப்போதே போன் செய்துவிடுவேன்.